பின்சில்லில் ஊளை, ட்ரம்முக்குள் ஒயில்: மொறிஸ் மைனரில் பெயாரிங்கும் சீலும் மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் காருக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை இடதுபக்கப் பின்சில்லின் ஒயில் சீலை, அதாவது ஒயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை, மாற்றினோம். மூன்று முறையும் புதுச் சீல். மூன்று முறையும் இரண்டு மாதத்துக்குள் பிறேக் ட்ரம்முக்குள் திரும்பவும் கியர் ஒயில் வந்தது. நான்காவது தடவை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் சில்லைக் கழற்றவே இல்லை. காருக்குக் கீழே படுத்து, பின் அச்சின் மேற்பக்கத்தைக் கையால் தடவினார். செம்பாட்டு மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கல்லாகிக் கிடந்த ஒரு சின்ன மூடியைச் சுரண்டிக் காட்டினார். "தம்பி, இது மூச்சு விட ஏலாமல் கிடக்குது. நீங்கள் என்ன சீல் போட்டாலும் உள்ளுக்கிருக்கிற காத்து அதைத் தள்ளிப்போடும்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் காரிலும் தெரிந்தவர்களின் கார்களிலும் பின் ஹப் (சில்லு பூட்டப்படும் நடுப்பகுதி) வேலை பலமுறை செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரியாக வந்தது. கெட்டுப்போன சீலும் கெட்டுப்போன பெயாரிங்கும் பெரும்பாலும் விளைவுதான், காரணம் வேறெங்கோ இருக்கும். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றினால் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கொடுத்த காசு இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். ஆகவே இதை அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். எந்தச் சத்தம், எந்த ஈரம், எந்த ஆட்டம் என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்பனரை எடுக்க வேண்டும்.

அச்சின் அமைப்பு, சுருக்கமாக

இலங்கையில் இன்னும் ஓடும் மைனர்களில் பெரும்பாலானவை மைனர் 1000 வகை. 1956இல் 948 சிசி எஞ்சினோடு வந்தவை, 1962க்குப் பிறகு 1098 சிசி எஞ்சினோடு வந்தவை. எஞ்சின் மாறினாலும் பின் ஹப்பின் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்.

அச்சுக் குழாயின் முனையில் ஒரேயொரு பெயாரிங் இருக்கிறது. அதன் உள்வளையம் குழாயின் மேல் உட்காரும். வெளிவளையம் ஹப்புக்குள் இருக்கும். குழாயின் மரையில் ஒரு பெரிய நட் ஏறி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. சில்லைச் சுற்றவைக்கும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட் குழாயின் நடுவால் வந்து, அதன் தட்டு ஹப்பின் முகத்தில் பொருந்துகிறது. காரின் பாரத்தை ஹாஃப் ஷாஃப்ட் தாங்குவதில்லை, பெயாரிங்கும் குழாயும்தான் தாங்குகின்றன. ஆனால் பெயாரிங் ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்டது என்பதால், சில்லு சாயாமல் நேராக நிற்பதற்கு ஹாஃப் ஷாஃப்ட்டின் தட்டு உதவ வேண்டியிருக்கிறது. மெக்கானிக்குகள் 'திரீ குவாட்டர் ஃப்ளோட்டிங்' என்று சொல்வது இதைத்தான்.

இதில் நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, ஹாஃப் ஷாஃப்ட்டை உருவி எடுத்த பிறகும் ஹப் தன் இடத்திலேயே நிற்கும், சுற்றும். இதைவிடப் பெரிய வசதி வேறில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இரண்டு, பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷலில் இருக்கும் ஒயில் குழாய் வழியாக ஹப்புக்கு வந்து பெயாரிங்கை நனைக்கிறது. அப்படி வந்த ஒயில் ஹப்பிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. வெளிப்பக்கத்தில் ஹாஃப் ஷாஃப்ட் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே இருந்து இடைவெளியை அடைக்கும் காகித கஸ்கற். உட்பக்கத்தில் பெயாரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஒயில் சீல். எல்லாப் பழியும் சீலுக்கே போகிறது, பாதிக் குற்றம் கஸ்கற்றுடையதாக இருந்தாலும்.

அறிகுறி: ஓடும்போது ஊளை, உறுமல்

முதலில் வீதியில் ஓட்டிப் பாருங்கள், காரை ஜக்கில் ஏற்ற அவசரப்பட வேண்டாம். நேரான, ஆள்நடமாட்டம் குறைந்த வீதி ஒன்று போதும். சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்துக்குக் கொண்டுவந்து, மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள்.

அக்சிலரேற்றரை மெதுவாக விட்டுப் பிடியுங்கள். காலை எடுத்ததும் ஊளையின் தொனி மாறினால், அல்லது நின்று திரும்ப மிதிக்கும்போது வந்தால், அது பெரும்பாலும் டிஃபரன்ஷலின் பற்கள். பெயாரிங்குக்கு நீங்கள் மிதிப்பதும் விடுவதும் தெரியாது, அது வேகத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். அடுத்து, தார் போட்ட வீதியிலிருந்து கரடான வீதிக்கு மாறுங்கள். வீதியோடு சேர்ந்து சத்தமும் மாறினால் ரயரைப் பாருங்கள், படிப்படியாகத் தேய்ந்த ரயர் பெயாரிங் போலவே உறுமும். மூன்றாவதாக, இடம் இருந்தால் காரை மெல்ல இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கள். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சில்லுகளில் இறங்கும். அப்போது உறுமல் கூடினால் இடது பக்கத்தைச் சந்தேகியுங்கள். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலது பக்கம். ஆனால் முன் சில்லும் இதே போலத்தான் பேசும் என்பதால், இந்தச் சோதனை பக்கத்தைச் சொல்லும், முன்னா பின்னா என்று சொல்லாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் பின் பெயாரிங்தான் என்று தோன்றினால், இப்போது ஜக்கை எடுக்கலாம். சமதரையில் நிறுத்தி, முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப்பிறேக் பின்சில்லைத்தான் பிடிக்கிறது, ட்ரம்மைக் கழற்ற அதை விட்டாக வேண்டும், ஆகவே கட்டைதான் உங்கள் பிறேக். தூக்கிய அச்சுக்குக் கீழே இரும்புத் தாங்கி வையுங்கள். தென்னங்குற்றியும் சீமெந்துக் கல்லும் வைத்து வேலை செய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். சீமெந்துக் கல் வெடிக்கும்போது முன்னறிவிப்புக் கொடுக்காது. தயவுசெய்து வேண்டாம்.

பலரும் இந்த இடத்தில் சில்லைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பை நம்ப முடியாது. நீங்கள் சில்லைச் சுற்றும்போது ஹாஃப் ஷாஃப்ட், டிஃபரன்ஷல் பற்கள் எல்லாம் சேர்ந்தே சுற்றுகின்றன. எது உறுமுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அங்கேதான் மைனரின் அமைப்பு கைகொடுக்கிறது. சில்லைக் கழற்றுங்கள். பிறேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ட்ரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவையும் எடுத்து ட்ரம்மை இழுங்கள். ஹாஃப் ஷாஃப்ட் தட்டில் ஒரு ஸ்குரூ இருக்கும், அதையும் எடுத்துவிட்டுத் தட்டை மெதுவாக நெம்பி, ஷாஃப்ட்டை நேராக வெளியே உருவுங்கள். இப்போது ஹப்பைச் சுற்றினால் சுற்றுவது பெயாரிங் மட்டும்தான். உள்ளங்கையை ஹப்பில் வைத்து, கடிகார முள்போல மிக மெதுவாகத் திருப்புங்கள். நல்ல பெயாரிங் எண்ணெயில் வழுக்குவது போலப் போகும், சீலின் மெல்லிய இழுவை மட்டும் தெரியும். கெட்டது மணலை அரைப்பது போல உணர்த்தும், சில இடங்களில் சின்னத் தடையில் நிற்கும். காது தேவையில்லை, கையே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஷாஃப்ட் இல்லாத நேரத்தில் ஹப்பைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் சாயும். ஒற்றை வரிசைப் பெயாரிங் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டுப் பெயாரிங் போய்விட்டது என்று முடிவெடுக்காதீர்கள். ஆட்டத்தைப் பார்ப்பது ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போதுதான்.

பல வருடம் மாமரத்துக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்ப ஓடத் தொடங்கிய கார் என்றால், பெயாரிங்கைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஒயில் வற்றிய மேல்பாதியில் ஈரம் ஏறி, குண்டுகள் உட்கார்ந்த இடத்தில் துரு புள்ளி வைத்துவிடும். ஓடாத காரின் பெயாரிங் ஓடும் காரின் பெயாரிங்கைவிட வேகமாகக் கெடும். தீவுப் பகுதிக்குப் பண்ணைப் பாலத்தால் அடிக்கடி போய்வரும் கார்களிலும் உப்புக்காற்று இதே வேலையைச் செய்கிறது.

அறிகுறி: பிறேக் ட்ரம்முக்குள் ஈரம், கைப்பிறேக் பிடிக்கவில்லை, பிறேக் ஒரு பக்கம் இழுக்கிறது

ட்ரம்மைத் திறந்ததும் முதற்கேள்வி இது கியர் ஒயிலா, பிறேக் ஒயிலா என்பதுதான். விரலில் தொட்டு ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். கியர் ஒயில் மிதக்கும். வழக்கமான பிறேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துவிடும். மணமும் சொல்லும், கியர் ஒயிலில் கந்தக வாடை இருக்கும். பிறேக் ஒயில் என்றால் குற்றவாளி சில்லின் பிறேக் சிலிண்டர், இந்தக் கட்டுரையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கியர் ஒயில்தான் என்றால் துடைத்துவிடாதீர்கள். அது எங்கே போயிருக்கிறது என்று நின்று பாருங்கள், தடயமே அதுதான். ஹாஃப் ஷாஃப்ட் தட்டின் விளிம்பிலிருந்து கதிர்போலச் சிதறி, ட்ரம்மின் முகத்திலோ சில்லின் நடுப்பகுதியிலோ கோடுகள் ஓடியிருந்தால் கஸ்கற் கசிகிறது. ஹப்புக்குப் பின்னாலிருந்து கிளம்பி, பிறேக் தட்டில் கீழே வழிந்து, ஷூவின் உட்பக்கம் ஊறியிருந்தால் சீல் கசிகிறது. இரண்டும் கலந்து கிடந்தால், பெரும்பாலும் அச்சுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது.

அழுத்தம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். கார் ஓடும்போது டிஃபரன்ஷல் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறத்தான் அச்சின் மேற்பக்கத்தில் சின்னதாக ஒரு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் அதை அடைத்துவிடுகிறது. அடைபட்டால் காற்றுக்கு மிஞ்சும் வழி இரண்டு ஹப்புகளும்தான், போகும்போது ஒயிலையும் கூட்டிக்கொண்டு போகும். மூச்சுத்துளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பார்த்துக் காற்று போகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். பத்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் மூன்று சீல்களைத் தின்றது இந்தப் பத்து நிமிடம்தான்.

அடுத்தது ஒயிலின் அளவு. பின் அச்சில் நிறைக்கும் துளையின் விளிம்புதான் மட்டம். காரைச் சமதரையில் நிறுத்தி, மூடியைத் திறந்து, துளையின் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்ததும் ஒயில் வழிந்தால் வழியட்டும், நிற்கும்வரை விடுங்கள். முழு அச்சுக்கும் ஒரு லீற்றருக்குக் குறைவாகத்தான் பிடிக்கும். பின்சில்லை ஜக்கில் ஏற்றி வைத்துக்கொண்டு, அல்லது சரிவில் நிறுத்தி நிரப்பினால் கூடுதலாகப் போய்விடும், கூடியது ஹப்புக்குத்தான் வரும். ஊற்ற வேண்டியது ஹைப்பொயிட் பற்களுக்கான ஈபி 90 வகைக் கியர் ஒயில். எஞ்சின் ஒயில் ஊற்றுகிற பழக்கம் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அந்த 1990களில் கிடைத்ததை ஊற்றினோம், வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு அதற்கு நியாயமில்லை.

மூச்சுத்துளையும் மட்டமும் சரியாக இருந்து, அப்படியும் கசிந்தால் சீலையும் கஸ்கற்றையும் மாற்றத்தான் வேண்டும்.

ஒயில் குடித்த ஷூக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி ஒயிலை எரித்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், சூடானதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். ஷூவை மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் இருந்தால் பிறேக் இழுக்கும். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ட்ரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அறிகுறி: ஆட்டம், புறப்படும்போது 'டக்'

சில்லும் ஷாஃப்ட்டும் இடத்தில் இருக்க, காரைத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். தெளிவாகத் தெரியும் ஆட்டம் இருந்தால் முதலில் சில்லு நட்டுகளை இறுக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். நகைப்பதற்கில்லை, இந்த ஒரு காரணத்தால் ஹப் முழுவதும் பிரிக்கப்பட்ட கார்கள் உண்டு. அதற்குப் பிறகும் ஆடினால் ஹப்பின் பெரிய நட் தளர்ந்திருக்கலாம், பெயாரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது பெயாரிங்கின் வெளிவளையம் ஹப்புக்குள் தளர்ந்து சுற்றத் தொடங்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது மோசமானது. ஹப்பின் உட்சுவர் தேய்ந்துவிட்டால் புதுப் பெயாரிங்கும் அதில் நிற்காது, ஹப்பையே மாற்ற வேண்டும்.

முன்னுக்குப் போகப் புறப்படும்போது ஒரு 'டக்', பின்னுக்கு எடுக்கும்போது இன்னொரு 'டக்' என்றால் அது பெயாரிங்காக இருப்பது அரிது. ஹாஃப் ஷாஃப்ட்டின் உள்முனைப் பற்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டு, வில்லுத் தகடுகளை அச்சோடு பிடிக்கும் யு போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள்.

அறிகுறி: ஹப் சூடாகிறது

ஓடி வந்து நின்றதும் நான்கு சில்லின் நடுவையும் கையால் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பெரும்பாலும் பிறேக் ஷூ விடாமல் உரசுகிறது. அட்ஜஸ்டரைத் தளர்த்தி, பிறேக்கைக் கூடியவரை தொடாமல் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் சூடானால் பெயாரிங்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால்

ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வேலை செய்வது நல்லது, ஒயில் மறுபக்கத்துக்கு வடிந்துவிடும். ஷாஃப்ட்டை உருவிய பிறகு குழாயின் முனையில் பெரிய நட் தெரியும். அதற்குக் கீழே பூட்டு வாசர் ஒன்று இருக்கும், அதன் நாக்கு நட்டின் ஒரு பக்கத்தில் மடிக்கப்பட்டிருக்கும். நாக்கை உளியால் மெதுவாக நிமிர்த்துங்கள்.

இப்போது கவனம் வேண்டிய இடம். வலதுபக்க நட் வழக்கமான மரை. இடதுபக்க நட் எதிர்மரை, கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி இழுத்து மரையை அழித்தவர்கள் எத்தனையோ பேர். அறுபது வருடக் கார், நடுவில் யார் எந்த அச்சை மாற்றினார்களோ தெரியாது. ஆகவே பலம் போடுவதற்கு முன் மரையின் சாய்வைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

நட்டின் அளவு 1 7/8 அங்குலம், ஏறத்தாழ 47.6 மில்லிமீற்றர். 48 மில்லிமீற்றர் பெட்டி ஸ்பனர் பொருந்தும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றும் வழக்கம் கராஜ்களில் இருக்கிறது. அப்படித் தட்டிய நட்டைத் திரும்பச் சரியாக இறுக்க முடியாது, உளி ஒருமுறை வழுக்கினால் குழாயின் மரையும் போய்விடும். அந்த அளவில் ஸ்பனர் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அதற்காக ஒரு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை.

நட் கழன்றதும் ஹப்பைப் புல்லரால் இழுத்தெடுங்கள். சில வேளை பெயாரிங்கின் உள்வளையம் மட்டும் குழாயில் நின்றுவிடும், அதையும் புல்லராலேயே எடுக்க வேண்டும். ஹப் கைக்கு வந்ததும் உட்பக்கச் சீலை நெம்பி எடுத்துவிட்டு, பெயாரிங்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். பழைய பெயாரிங்கை எறியாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளும் ஓடுபாதையும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அதன் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் கடையில் காட்டி அதே எண்ணில் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரைவிடப் பெயாரிங்கில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். எழுத்து மங்கலாக, கோணலாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இப்போது பலரும் கடந்துபோகும் ஒரு இடம், குழாயில் சீலின் உதடு ஓடும் பாதை. நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் அங்கே நிற்காது. ஹப்பில் இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் ஓடும்படி செய்யலாம். இல்லையென்றால் அந்த அளவுக்கு மெல்லிய உருக்குக் கவசம் போட வேண்டும். துருப்புள்ளி மட்டும் என்றால் மிக மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துச் சுற்றுவாட்டில் தேய்த்தால் போதும், நீளவாட்டில் தேய்த்தால் ஒயிலுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகிவிடும்.

புதுப் பெயாரிங்கை ஹப்புக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் பலம் போடுங்கள். பழைய பெயாரிங்கின் வெளிவளையத்தைக் கொஞ்சம் அராவி வைத்துக்கொண்டால் தட்டுவதற்கு நல்ல கருவி. பிறகு ஹப்பைக் குழாயில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் பலம் போடுங்கள், அதற்கேற்ற இரும்புக் குழாய்த்துண்டு ஒன்று தேவை. இதை மாற்றிச் செய்தால், அதாவது ஹப்பின் முகத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால், ஒவ்வோர் அடியும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் சின்னப் பள்ளம் போடும். பூட்டிய அன்றே உறுமும் 'புது' பெயாரிங்குகளுக்கு இது ஒரு காரணம்.

சீலின் வில் தெரியும் பக்கம் பெயாரிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். தடுக்க வேண்டிய ஒயில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உதட்டில் கியர் ஒயில் பூசுங்கள். பெயாரிங்குக்கும் கொஞ்சம் கிறீஸோ ஒயிலோ கொடுங்கள், டிஃபரன்ஷலிலிருந்து ஒயில் வந்து சேரும்வரை அது வறண்டு ஓடக்கூடாது.

கஸ்கற்றின் தடிப்பு

இந்த வேலையில் எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

பெயாரிங்குக்கு வெளிப்பக்கமாக ஒரு வளையம் இருக்கும், ஸ்பேசர் என்பார்கள். எல்லாம் பூட்டியதும், அந்த ஸ்பேசரின் முகம் ஹப்பின் முகத்தையும் காகித கஸ்கற்றையும் தாண்டி 0.001 முதல் 0.004 அங்குலம் வரை வெளியே நிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் வகுத்த அளவு. மில்லிமீற்றரில் 0.025 முதல் 0.1 வரை. ஒரு தலைமுடியின் தடிப்புத்தான். அந்த மயிரளவு நீட்டிக்கொண்டிருப்பதால்தான், ஹாஃப் ஷாஃப்ட்டின் தட்டு இறுகும்போது பெயாரிங்கின் வெளிவளையத்தை ஹப்பின் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. பிடி இல்லாவிட்டால் பெயாரிங் ஹப்புக்குள் ஊர்ந்து சுற்றும், சுவர் தேயும், சில்லு சாயும், அந்தச் சாய்வைத் தாங்கித் தாங்கி ஹாஃப் ஷாஃப்ட்டும் களைக்கும், சீலின் உதடும் ஒரு பக்கம் அழுந்திக் கெடும். கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தாலோ, தட்டு கஸ்கற்றை அழுத்தாது, ஒயில் வரும்.

கஸ்கற் அழுந்திய பின் அதன் தடிப்பு 0.010 அங்குலம் என்று கணக்கு. ஆக, கஸ்கற் இல்லாமல் வெறும் ஹப்பில் அளந்தால் ஸ்பேசர் 0.011 முதல் 0.014 அங்குலம் வரை வெளியே நிற்க வேண்டும். ஸ்பேசரின் மேல் நேரான இரும்பு அளவுகோலை வைத்து, அதற்கும் ஹப்பின் முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கலாம்.

இப்போது நம்மூர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பொருள் வராத காலத்தில் கஸ்கற்றைக் கொப்பி மட்டையிலும் பிஸ்கற் பெட்டியிலும் வெட்டினோம். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன், கார்களை அதுதான் உயிரோடு வைத்திருந்தது. ஆனால் பெட்டி மட்டை அரை மில்லிமீற்றர் தடிப்பு என்றால் அது 0.020 அங்குலம். 0.010 இருக்க வேண்டிய இடத்தில் 0.020 வைத்தால், ஸ்பேசர் உள்ளே ஒளிந்துவிடுகிறது, பெயாரிங்கை எதுவும் பிடிக்கவில்லை. எங்கள் காரின் இடது ஹப்பிலும் மட்டைதான் இருந்தது. மூச்சுத்துளையைத் திறந்ததோடு ஒயில் நின்றாலும் மெல்லிய ஒரு உறுமல் மிச்சமிருந்தது, அது இந்த மட்டையால் வந்தது. காகிதம் வெட்டத்தான் வேண்டும் என்றால் கஸ்கற் தாள் வாங்கி, மைக்ரோமீற்றரால் அளந்து வெட்டுங்கள். சில ஹப்புகளில் கஸ்கற்றோடு ஒரு ஓ ரிங்கும் (ரப்பர் வளையம்) உண்டு, அதற்கான தவாளிப்பு ஹப்பில் இருந்தால் புதிய ரிங் போடாமல் மூடாதீர்கள். சிலிக்கன் பசையைத் தடிப்பாகப் பூசுவதும் மட்டை வைப்பது போலத்தான்.

இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய பெயாரிங் போடலாமா என்று கேட்கிறார்கள். போட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்பேசரின் கணக்கு அதற்கும் பொருந்தும், கஸ்கற்றும் சீலும் அதற்கும் வேண்டும். நான் திறந்த பெயாரிங்கே போடுகிறேன், அச்சின் ஒயில் அதைப் பார்த்துக்கொள்கிறது.

பூட்டி முடிப்பது

புதிய பூட்டு வாசர் போட்டு, நட்டை நீளப் பிடியால் நன்றாக இறுக்கி, நாக்கை நட்டின் தட்டைப் பக்கத்தில் மடியுங்கள். பழைய வாசரின் நாக்கை இரண்டாம் முறை மடித்தால் முறிந்துபோகும். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது முனைப்பற்கள் பிடிபடும்வரை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள், புதுச் சீலில் பலமாக உரசாமல் நடுவால் போகட்டும். தட்டின் ஸ்குரூ, ட்ரம், அட்ஜஸ்டர், சில்லு. பிறகு காரை இறக்கி, சமதரையில் நிறுத்தி ஒயில் மட்டம் பாருங்கள். கழற்றும்போது வடிந்தது எவ்வளவோ அவ்வளவு குறைந்திருக்கும்.

மாற்றிய பிறகும் அதே அறிகுறி வந்தால்

அன்றே உறுமினால் ஏற்றும்போது பெயாரிங் அடிபட்டிருக்கிறது, அல்லது தொடக்கத்திலேயே சத்தம் வேறிடத்தில் இருந்தது. மறுபக்க ஹப்பிலும் ஷாஃப்ட்டை உருவி, அதே உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள். பின் அச்சு முழுவதும் ஒரு குழாய், சத்தம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நன்றாகக் கடக்கும். இடது என்று சத்தியம் பண்ணியது வலதாக இருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரத்துக்குள் ஒயில் வந்தால் சீல் திரும்பிப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது உதடு பூட்டும்போது மடிந்திருக்கிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து வந்தால் மூச்சுத்துளை, மட்டம், சீலின் பாதை, ஸ்பேசர் அளவு என்ற வரிசையில் திரும்பப் பாருங்கள்.

பூட்டியதும் பிறேக் தட்டின் கீழ்விளிம்பை வெள்ளைத் துணியால் சுத்தமாகத் துடைத்து வையுங்கள். 150 கிலோமீற்றர் ஓடிய பிறகு சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கி, அதே விளிம்பைப் புதிய வெள்ளைத் துணியால் துடையுங்கள். 500 கிலோமீற்றரில் இன்னொரு முறை. இரண்டு முறையும் துணியில் தூசி மட்டும் ஒட்டி வந்தால் ட்ரம்மைத் திறக்கத் தேவையில்லை.